பெடலை கழற்றுங்க... புள்ள தானா சைக்கிள் ஓட்டும்! ஓட்டத் தெரியாத அப்பா-அம்மாவும் கற்றுக் கொடுக்கலாம்

பெரிய காஞ்சிபுரம்:

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும். பிள்ளையார்பாளையம் பக்கம் சாயங்கால நேரத்தில் தெருவுக்கு ஒரு 'டிரைவிங் ஸ்கூல்' நடக்கும். முன்னால் ஒரு சின்ன சைக்கிள். அதன் மேல் பயந்து போன ஒரு பொடிசு. பின்னால் லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு, சீட்டை பிடித்தபடி ஓடும் அப்பா. "நேரா பாரு... மிதிடா... ஹேண்டிலை ஆட்டாதே..." என்று ஒரே சத்தம். பத்தடி போவதற்குள் தொம்! முட்டி சிராய்ப்பு, அழுகை, "நாளைக்கு பார்க்கலாம் வா" என்று வீட்டுக்கு திரும்புதல்.

நம் அப்பாவும் இப்படித்தான் கற்றார், நாமும் இப்படித்தான் கற்றோம். தப்பில்லை. ஆனால் இதைவிட சுலபமான வழி இருக்கிறது. அதற்கு தேவை ஒரே ஒரு ஸ்பானர்தான். பின்னாலேயே ஓடி மூச்சு வாங்க வேண்டாம். கற்றுக் கொடுக்கிறவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட கட்டாயம் இல்லை.

இந்த கடைசி விஷயம் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம்.

தறியோரம் போன வயசு

காஞ்சிபுரம் பட்டு என்றால் கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் பிரிக்க முடியாதபடி கோர்த்து வரும். அதற்கு தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், கரை நாடாவை எதிர்ப்பக்கம் வாங்கிப் போட இன்னொருவர். அந்த இன்னொருவராக பல வீடுகளில் உட்கார்ந்தது சின்னப் பிள்ளைகள்தான். அப்பா வாங்கிய முன்பணத்துக்காக மற்றவர் தறிக்கு போன பிள்ளைகளும் உண்டு. 2003-ம் ஆண்டு 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்' என்ற சர்வதேச அமைப்பு இந்திய பட்டுத் தொழிலில் உள்ள கொத்தடிமை குழந்தைகள் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் காஞ்சிபுரமும் இருந்தது.

அன்றைக்கு தறியோரம் இருந்த 8 வயசு, 10 வயசு பிள்ளைகள் இன்றைக்கு 30 வயதை தாண்டிய அப்பா, அம்மா. தெருவில் சைக்கிள் பழக வேண்டிய வயசை தறிக்குழி பக்கத்தில் கழித்தவருக்கு, "அப்பா, எனக்கு சைக்கிள் கத்துக் கொடு" என்று புள்ள வந்து நின்றால் என்ன செய்வது? "மாமாவை கேளு" என்று நழுவி விடுவார்கள். வெளியே சொல்ல வெட்கம்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்த கதையை சினிமாவாகவே எடுத்திருக்கிறார்கள். 2024-ல் வந்த 'குரங்கு பெடல்' படம் பார்த்தவர்களுக்கு தெரியும். ராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்ற சிறுகதையை வைத்து கமலக்கண்ணன் இயக்கினார். சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பாவாக காளி வெங்கட் நடித்திருந்தார். வாடகை சைக்கிளை மணிக்கணக்கு பேசி எடுத்து, பாருக்கு கீழே காலை விட்டு கோணலாக மிதித்து கற்றுக்கொண்ட தலைமுறைக்கு அந்த படத்தின் பெயரே போதும்.

ஏன் விழுகிறது?

ஒரு விளக்கமாற்று குச்சியை உள்ளங்கையில் செங்குத்தாக நிற்க வைத்துப் பாருங்கள். குச்சி இடது பக்கம் சாய்ந்தால் உங்கள் கையும் தானாக இடது பக்கம் போகும். வலது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் போகும். அப்படி போனால்தான் குச்சி நிற்கும். கையை அசைக்காமல் வைத்தால் அடுத்த நொடி கீழே.

சைக்கிளும் அதே கணக்குதான். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில் பாரை இடது பக்கம் லேசாக திருப்ப வேண்டும். அப்போது சக்கரம் சாயும் பக்கத்துக்கு அடியில் வந்து வண்டியை தாங்கி நிமிர்த்தும். நன்றாக ஓட்டுகிறவர் இதை நிமிடத்துக்கு எத்தனையோ தடவை செய்கிறார். ஆனால் செய்வதாக அவருக்கே தெரியாது. பயந்த பிள்ளை என்ன செய்யும்? ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கும், இல்லை என்றால் விழுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டித் திருப்பும். இரண்டுமே விழுவதற்கான வழி.

இப்போது யோசியுங்கள். "ஹேண்டிலை ஆட்டாதே" என்று நாம் கத்துகிறோமே, அது எவ்வளவு பெரிய தப்பு! ஹேண்டிலை ஆடாமல் பூட்டி வைத்தால் சர்க்கஸ்காரரால் கூட சாதாரண சைக்கிளை ஓட்ட முடியாது. லேசாக ஆட்டத்தான் வேண்டும், சாயும் பக்கமாக.

இது வாயால் சொல்லி வருகிற வித்தை இல்லை. உடம்பு தானாக கண்டுபிடிக்க வேண்டும். டெஸ்டின் சாண்ட்லின் என்ற அமெரிக்க இன்ஜினியர் ஒரு வேடிக்கை செய்தார். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினால் சக்கரம் வலது பக்கம் திரும்புகிற மாதிரி ஒரு சைக்கிளை செய்ய வைத்து, அதை ஓட்டப் பழகினார். அவருக்கு எட்டு மாதம் ஆனது. அதே மாதிரி சைக்கிளை அவருடைய சின்ன மகன் இரண்டே வாரத்தில் ஓட்டிவிட்டான். 2015-ல் அந்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. பிள்ளைகளுக்கு புது பழக்கம் பிடிபடுகிற வேகம் நமக்கு கிடையாது. நாம் செய்ய வேண்டியது, அவர்கள் பழகும்போது குறுக்கே வராமல் இருப்பதுதான்.

முதல் சைக்கிளுக்கே பெடல் கிடையாது

பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எத்தனை வேலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். மிதிக்கணும், பேலன்ஸ் பண்ணணும், திருப்பணும், பிரேக் பிடிக்கணும், அப்பா கத்துவதையும் கேட்கணும். தறியில் புதுசாக உட்காருகிறவரிடம் முதல் நாளே கோர்வை சேலையை கொடுப்போமா? ஒவ்வொன்றாகத்தானே சொல்லித் தருவோம்!

மிதிப்பது சுலபம். மூன்று சக்கர சைக்கிளிலேயே பிள்ளைகள் அதை கற்றுவிடுகிறார்கள். கஷ்டமானது பேலன்ஸ் மட்டும்தான். அதனால் பேலன்ஸை முதலில் தனியாக பழக்க வேண்டும். பெடல் பிறகு.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1817-ல் ஜெர்மனியில் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய முதல் இரண்டு சக்கர வண்டிக்கு பெடலே கிடையாது. மர வண்டி. மேலே உட்கார்ந்து காலால் தரையை உந்தி உந்தி போக வேண்டியதுதான். முன் சக்கரத்தில் பெடல் வைத்த வண்டி பிரான்சில் பிரபலமாக 1860-கள் ஆனது. உலகமே முதலில் பேலன்ஸ் கற்று, பிறகுதான் பெடல் மிதித்தது.

இப்போது பெடல் இல்லாமலேயே 'பேலன்ஸ் பைக்' என்று தனியாக விற்கிறார்கள். அதற்கு தனியாக காசு கொடுக்க அவசியம் இல்லை. வீட்டில் உள்ள சின்ன சைக்கிளின் பெடலை கழற்றினால் அதுதான் பேலன்ஸ் பைக்.

செய்முறை

பெரும்பாலான சைக்கிளுக்கு 15 நம்பர் ஸ்பானர் போதும். வலது பெடலை எல்லா மரையையும் போல இடமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக சுற்றினால் கழலும். இடது பெடலில்தான் ஏமாறுவோம். அதன் மரை தலைகீழ். கடிகார முள் சுற்றும் பக்கமாக சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் எதிர்ப்பக்கம் முறுக்கி, மரையை அடித்துக் கொண்டு பஞ்சர் கடையில் போய் நிற்க வேண்டாம். கழற்றிய பெடல் இரண்டையும் ஒரு பையில் போட்டு, எது இடது, எது வலது என்று எழுதி வையுங்கள். மாற்றி மாட்டினாலும் மரை போய்விடும்.

அடுத்து சீட். முழுசாக கீழே இறக்குங்கள். பிள்ளை உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாக பதிய வேண்டும், முட்டி லேசாக மடங்கி இருக்க வேண்டும். நுனிக்கால் ஊன்றினால் போதாது. 'கால் எட்டுது, விழ மாட்டோம்' என்ற தைரியம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

காற்றையும் பார்த்துக் கொள்ளுங்கள். டயர் தளர்ந்திருந்தால் உருளாது, பிள்ளைக்கு வண்டி கனக்கும். (காற்றடித்த டயர் வந்ததே ஒரு பிள்ளைக்காகத்தான். அயர்லாந்தில் பெல்பாஸ்டில் இருந்த கால்நடை டாக்டர் ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போகணும் என்றுதான் அதை செய்து பார்த்தார். 1888-ல் உரிமம் பெற்றார்.)

பிறகு பிள்ளையை உட்கார வைத்து சும்மா நடக்கச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே நடை. முதல் நாள் அவ்வளவுதான். அதுவே போரடித்து, தானாக எட்டு பெரிதாக வைக்கும். பிறகு ஓட ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு காலையும் தூக்கிக் கொண்டு சறுக்கிப் பார்க்கும். அங்கேதான் விஷயமே இருக்கிறது. "காலை தூக்கு, நான் எண்றேன்" என்று ஒரு விளையாட்டு வையுங்கள். இன்றைக்கு மூன்று வரை, நாளைக்கு ஐந்து வரை. பத்து வரை கால் தூக்கி வந்து, வளைந்து திரும்பவும் செய்தால் பேலன்ஸ் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சில பிள்ளைகள் ஒரே சாயங்காலத்தில் இதை முடிக்கும். சிலருக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். பக்கத்து வீட்டு பையனோடு ஒப்பிட்டு "அவன் பாரு" என்று சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், அழ ஆரம்பித்தால் அதோடு நிறுத்துங்கள்.

நீங்கள் பிடித்தே ஆகணும் என்றால் சைக்கிளை பிடிக்காதீர்கள், பிள்ளையை பிடியுங்கள். அக்குளுக்கு கீழே லேசாக கை கொடுத்தால் போதும். ஹேண்டிலையோ சீட்டையோ நீங்கள் பிடித்தால் பேலன்ஸ் பண்ணுவது நீங்கள்தான். பிள்ளை சும்மா உட்கார்ந்து வரும்.

பெடலை மாட்டுவதற்கு முன்னால் பிரேக்கை சொல்லிக் கொடுத்து விடுங்கள். சைக்கிளை தள்ளிக் கொண்டே நடக்க விட்டு, "ஸ்டாப்" என்றதும் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சின்னக் கைக்கு பிரேக் எட்டவில்லை என்றால் கடைக்காரரிடம் சொன்னால் சரி பண்ணித் தருவார். செருப்பை தரையில் தேய்த்து நிறுத்துகிற பழக்கம் ஒட்டிக் கொண்டால் பிறகு விடவே விடாது.

பெடல் மாட்டிய அன்று, ஒரு பெடலை முன்பக்கமாக மேலே தூக்கி வையுங்கள். அந்த காலால் ஒரே அழுத்து, வண்டி கிளம்பும். அடுத்த கால் தானாக பெடலை தேடிப் போகும். மெதுவாக போனால் ஆட்டம் அதிகம், கொஞ்சம் வேகம் வந்தால்தான் நிற்கும் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டும்.

'வளர்ற புள்ள' என்று பெரிசா வாங்காதீங்க

நம்ம வீடுகளில் நடக்கும் இன்னொரு தப்பு. 'வளர்ற புள்ள, நாலு வருஷம் ஓட்டட்டுமே' என்று பெரிய சைக்கிளாக வாங்கி விடுகிறோம். காசு அருமை தெரிந்தவர்கள் செய்வதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கால் எட்டாத சைக்கிளில் பிள்ளை பயந்துவிட்டால் அது திண்ணையில் துரு பிடித்து நிற்கும். காசும் போச்சு, ஆசையும் போச்சு. பழகுவதற்கு மட்டும் செகண்ட் ஹேண்டில் சின்னதாக ஒன்று வாங்குங்கள், இல்லை என்றால் சொந்தக்காரர் வீட்டில் கேட்டு வாங்குங்கள். நன்றாக ஓட்ட வந்த பிறகு பெரியது வாங்கலாம்.

பின்னால் இரண்டு பக்கமும் மாட்டுகிற சைடு வீலும் அப்படித்தான். அதை மாட்டினால் வண்டி சாயாது. சாயாத வண்டியில் பேலன்ஸ் எப்படி வரும்? பிள்ளை சந்தோஷமாக சுற்றும், உண்மைதான். கழற்றும் அன்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எங்கே பழகுவது?

ராஜ வீதிகள் வேண்டவே வேண்டாம். பட்டு எடுக்க வருகிற வெளியூர் கார், கோவிலுக்கு வருகிற வேன், ஷேர் ஆட்டோ என்று பெரியவர்களே தடுமாறுகிற இடம். ஏகாம்பரநாதர் சன்னதி தெரு அகலம்தான், ஆனால் பங்குனி உத்திர நேரத்தில் நினைத்துக்கூட பார்க்க முடியாது. கூட்டம் இல்லாத நாளில் கைலாசநாதர் கோவில் பக்கம் பரவாயில்லை. எல்லாவற்றையும் விட, கேட்டு அனுமதி வாங்கி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பழகுவதுதான் நல்லது. மண் தரையில் விழுந்தால் அடி குறைவு. மணல் மட்டும் கூடாது, சக்கரம் சிக்கும்.

நெசவாளர் தெருவில் காலை நேரம் வேண்டாம். பாவு நீட்டி வைத்திருப்பார்கள். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டு நூல். பிரேக் பிடிக்கத் தெரியாத ஒரு பொடிசு அதில் போய் விழுந்தால் ஒரு குடும்பத்தின் பல நாள் சாப்பாடு அறுந்து போகும். பாவு சுருட்டிய பிறகு, சாயங்காலம்தான் சரி.

பெண் பிள்ளைக்கு எதுக்கு?

இன்னமும் இப்படி கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு புதுக்கோட்டையை காட்டலாம். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிளையும் அதோடு சேர்த்தார். கிராமத்து பெண்கள், கல் உடைக்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று லட்சம் பேருக்கு மேல் கற்றார்கள். கேலி பேசியவர்கள் நிறைய. பெண்கள் காதிலேயே வாங்கவில்லை. லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்ததும் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அதில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை ஊர் ஊராக போய் பார்த்து எழுதினார்.

நம் அரசாங்கம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2005-06-ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் மற்ற மாணவ-மாணவிகளுக்கும் அது விரிந்தது. பீகாரில் 2006-ல் 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு இதே மாதிரி கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள் என்று கண்டுபிடித்தார்கள். சைக்கிள் கையில் வந்தால் மட்டும் போதுமா? பிளஸ் 1-ல் கிடைக்கும் சைக்கிள் பெரியவர் சைக்கிள். 15, 16 வயசில், தோழிகள் பார்க்க, தெருவில் விழுந்து எழுந்து பழக ஒரு பெண் பிள்ளைக்கு கூச்சமாக இருக்கும். ஐந்து, ஆறு வயசில் பழகிவிட்டால் அந்த தொல்லையே இல்லை.

பாவாடை, துப்பட்டா செயினில் மாட்டாமல் இருக்க செயின் கவர் அவசியம். பழகும்போது பேன்ட், ஷார்ட்ஸ் போட்டு விடுங்கள்.

அடிபட்டால்...

ஷூ போட்டால் விரல் தப்பிக்கும். ஹெல்மெட் வாங்க முடிந்தால் தலைக்கு நல்லது. கேரியரில் தம்பி, தங்கையை ஏற்றிக் கொண்டு போவது கூடவே கூடாது. பின்னால் தொங்குகிற கால் சக்கரக் கம்பியில் மாட்டி, குதிகால் சதையே பிய்ந்து போகும்.

சிராய்ப்புக்கு நல்ல தண்ணீரும் சோப்பும் போதும். காபி தூள், மண், சாம்பல் எதையும் அப்பாதீர்கள். 5-6 வயதில் போட வேண்டிய தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அட்டையை எடுத்து பாருங்கள், தனுர்வாதத்துக்கான மருந்து அதிலேயே இருக்கிறது. தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தாலோ, தூங்கித் தூங்கி விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆஸ்பத்திரி. 108-க்கு போன் செய்யுங்கள்.

கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால் பிள்ளைகளுக்கு பெரும்பாலும் அது எலும்பு முறிவாக இருக்கும். எக்ஸ்ரே எடுக்காமல் கட்டு மட்டும் போட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கை நிரந்தரமாக முடங்கிப் போன பிள்ளைகள் உண்டு. எங்கே கட்டு போட்டிருந்தாலும் சரி, விரல் நீலம் பூத்தாலும், மரத்துப் போனாலும், விரலை லேசாக நீட்டினாலே பிள்ளை துடித்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்கு தூக்கிக் கொண்டு போங்கள்.